ஊருக்கு ஒரு கோயில், கல்லறை ரெண்டு

எங்க சபையில ஞாயிறுதோறும் உலக சமாதானத்துக்காக ஒரு ஜெபம் உண்டு. உக்ரைன், காஸா, மணிப்பூர்னு பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. நானும் ஆமென் சொல்றவன்தான். ஆனா திண்டிவனத்துல உட்கார்ந்து ஜெபிக்கிறவங்க வாயில எறையூர் மட்டும் வரவே வராது.

தெரியாதவங்களுக்கு: எறையூர், உளுந்தூர்பேட்டை பக்கம் இருக்கிற பழைய கத்தோலிக்க ஊர். இப்போ கள்ளக்குறிச்சி மாவட்டம், 2008-ல எங்க விழுப்புரம் மாவட்டம். வன்னியர், தலித் ரெண்டு தரப்புலயும் கிறிஸ்தவங்க. கோயில் ஒண்ணு, செபமாலை அன்னை கோயில். கல்லறை மட்டும் ரெண்டு. எங்க வீட்டுச் சாவை முக்கியத் தெரு வழியா கோயிலுக்குக் கொண்டுபோக விடறதில்லைங்கறது தலித் மக்களோட நெடுநாள் குறை. சலிச்சுப்போய், தனிப் பங்கு கொடுங்கன்னு கேட்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. 2008 மார்ச் 9-ம் தேதி அவங்க வீடுகளைத் தாக்கினாங்க. போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. செத்த ரெண்டு பேரும் வன்னியர்.

அன்னிக்குத் தவக்காலத்தோட ஐந்தாம் ஞாயிறு. கத்தோலிக்கத் திருப்பலி வாசகம் மூணு வருஷச் சுழற்சியில வரும். அந்த வருஷ முறைப்படி அன்னிக்கு உரிய நற்செய்தி யோவான் 11-ம் அதிகாரம். லாசர் கல்லறை முன்னாடி இயேசு கண்ணீர் விட்ட அதிகாரம்! இதை நாள்காட்டியில பார்த்துட்டுக் கொஞ்ச நேரம் மானிட்டரையே வெறிச்சுக்கிட்டு இருந்தேன்.

இந்த மாதிரி கலவரம் நடந்தா நம்ம ஊர்ல அடுத்து என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும். தாசில்தார் ஆபீஸ்ல சமாதானக் கூட்டம். ரெண்டு தரப்பும் எதிரெதிரா நாற்காலி போட்டு உட்காருவாங்க, டீ வரும், கையெழுத்து வாங்குவாங்க. அடிதடி நிக்கணும், அதனால அது வேணும்தான். ஆனா அந்தக் கூட்டத்துல அழறதுக்கு இடமே கிடையாது. யாராவது பழசை எடுத்தா, "அதெல்லாம் விடுங்க, இனிமே நடக்கப்போறதைப் பேசுங்க"ன்னு அடக்கிடுவாங்க.

பைபிள்ல எரேமியாவின் புலம்பல் அப்படி விடுறதில்ல. மொத்தம் 5 அதிகாரம். முதல் நாலும் எபிரேய மொழியோட 22 எழுத்து வரிசையில அமைஞ்சது, நம்ம ஆத்திசூடி மாதிரி. மூணாவது அதிகாரத்துல எழுத்துக்கு மூணு வசனம், ஆக 66. புலம்பல்னா தலைதெறிக்கக் கத்துறதுன்னு நினைச்சிருந்தேன். இது எருசலேம் அழிஞ்சதை ஒண்ணொண்ணா, எதையும் விடாம எழுதி வச்சது. எங்க வேலையில ஒரு பக் வந்தா, எங்க உடைஞ்சதுன்னு வரி வரியா எழுதாம டிக்கெட்டை மூட விடமாட்டாங்க. (பைபிளுக்கு இந்த உவமை ஓவர்தான், மன்னிச்சுக்கோங்க.)

எங்க ஆயா பத்து வருஷம் பேசாத பங்காளி வீட்டுச் சாவுக்குப் போய்க் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு வந்ததை நான் பார்த்திருக்கேன். சண்டை தீர்ந்துச்சான்னா இல்ல, பேச ஆரம்பிச்சாங்க, அவ்ளோதான். ஆனா அதே ஆயா காலனி சாவுக்குப் போய் நான் பார்த்ததில்ல. 1978 ஜூலையில விழுப்புரத்துல 12 தலித்துகளைக் கொன்னாங்களே, அதைப் பத்தியும் எங்க வீட்டுல யாரும் பேசிக் கேட்டதில்ல. நம்ம ஒப்பாரிக்கும் தெரு எல்லை உண்டு. எறையூர்ல சுடப்பட்டுச் செத்த ரெண்டு பேருக்காகக் காலனிக்காரர் அழணும்னு கேட்டா நியாயமா இருக்குமா? வீட்டை உடைச்சவங்க தரப்புல, முதல்ல உடைஞ்ச வீட்டு வாசல்ல போய் நிக்காம அதைக் கேட்கக் கூடாதுன்னுதான் எனக்குப் படுது.

நாங்க கத்தோலிக்கர் இல்ல. அதுக்காக உங்க சபை மட்டும் யோக்கியமான்னு கேக்காதீங்க, அதுக்குத் தனிப் பதிவு போடணும் :)

2016 டிசம்பர்ல இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒண்ணு வெளியிட்டாங்க. திருச்சபைக்குள்ளயே தீண்டாமை இருக்குன்னு அதுல ஒத்துக்கிட்டாங்க. புலம்பல்ல முதல் எழுத்தை எழுதிட்டாங்கன்னு வச்சுக்கலாம். இன்னும் 21 இருக்கு.