பனங்காட்டுக்குள் ஒரு பெரிய கோயில்

திசையன்விளைப் பக்கம் வந்ததும் மண் சிவக்கத் தொடங்கும். தேரி மணல், பனை, உடைமரம்; இப்போது அவற்றுக்கு மேலே வெள்ளை வெளேரென்று காற்றாலைகள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இந்தக் காற்றாலைகள் கிடையாது. பனையைத் தவிர அண்ணாந்து பார்க்க இந்தப் பக்கம் ஒன்று உண்டென்றால் அது கோயில்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஊருக்கு வருவது நின்றுபோயிருந்தது. இத்தனை காலம் கழித்து கிளாஸ்கோவிலிருந்து நான் வந்தது அக்காவின் பேத்திக்கு இடையன்குடி பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் ஞானஸ்நானம் என்பதால்.

குழந்தையின் தகப்பனுக்கு, என் அக்கா மகனுக்கு, இதில் முழு மனம் இல்லை. சென்னையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் சிறு ஜெபக்குழுவாகக் கூடுகிறார்கள். “அம்மாவுக்காகத்தான் மாமா வந்தேன்” என்றான். ஆராதனை முடிந்து, சாப்பாடு முடிந்து, வேப்பமரத்து நிழலில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபோது மனதில் இருந்ததைக் கொட்டினான்.

“எதுக்கு மாமா இவ்வளவு பெருசா ஒரு கட்டடம்? பஞ்சத்துல ஜனங்க கொத்துக்கொத்தா சாவுறப்போ வெள்ளக்காரன் இங்க கல்லு செதுக்கிட்டு இருந்திருக்கான். இப்போ ஊர்ல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. ஆதித் திருச்சபைக்குக் கோயிலா இருந்துச்சு? வீட்டுலதான கூடுனாங்க?”

பெரிய கோயில்களைப் பற்றி இப்படிக் கேட்பவர்களுக்கு நம் பிரசங்கிகள் பலர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பெத்தானியாவில் விலையுயர்ந்த தைலத்தை மரியாள் இயேசுவின் பாதத்தில் ஊற்றியபோது, இதை விற்றுத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று கேட்டவன் யூதாஸ் அல்லவா என்பார்கள். இந்தப் பதில் எனக்குப் பிடிக்காது. கேட்டவனை யூதாஸ் ஆக்கிவிட்டால் கேள்வி செத்துப்போகாது. பசித்தவன் பக்கத்தில் இருக்கும்போது கல்லுக்கு ஏன் செலவு என்பது மனசாட்சி உள்ளவன் கேட்கிற கேள்விதான். அதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும்.

பஞ்சக் காலத்தைப் பற்றி அவன் சொன்னது சரிதான். மிஷனரி ராபர்ட் கால்டுவெல் 1841 இறுதியில் இந்த ஊருக்கு வந்தார். கோயில் வேலை 1847இல் தொடங்கி, பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலையில். முப்பத்துமூன்று வருடம். பணம் வந்தபோது சுவர் எழும்பியது, வராதபோது நின்றது. இடையில் 1856இல் அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணமே வெளிவந்துவிட்டது, கோயில் முடியவில்லை. தாது வருஷப் பஞ்சம் வந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை. அந்தப் பஞ்சத்தின்போதும் அதைத் தொடர்ந்தும் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைக்குள் வந்தார்கள். கஞ்சிக்காக வந்தவர்கள் என்று அவர்களை ஏளனம் செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வந்தவர்கள் உட்கார இடம் வேண்டியிருந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

அந்த முப்பத்துமூன்று வருடத்தை நான் வீண்செலவாகப் பார்க்கவில்லை. கூர்வளைவு ஜன்னலை அதுவரை கண்ணால் பார்த்திராத கொத்தனார்களுக்குக் கால்டுவெல் களிமண்ணில் மாதிரி செய்து காட்டினார் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த ஜன்னல்களின் கல்வேலைப்பாட்டைப் பக்கத்தில் போய்த் தடவிப் பார்த்தால் உளி பிடித்தவனின் கை தெரியும். அது தச்சநல்லூர்க் கையோ வள்ளியூர்க் கையோ, நம் ஊர்க் கை. வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தலைமுறைக்கு அங்கே கூலி கிடைத்தது, தொழில் கிடைத்தது. கோயிலைச் சுற்றி நேர்கோட்டில் தெருக்கள், கிணறுகள், பள்ளிக்கூடங்கள் வந்தன. கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்களுக்கு ரேந்தை பின்னக் கற்றுக்கொடுத்தார். பனையேறி வீட்டுப் பெண் தன் கையால் சம்பாதித்த காசைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இதையெல்லாம்விடப் பெரிய பதில் ஒன்று உண்டு. அதை அவனிடம் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. “ஏல, நம்ம பாட்டன்மாருக்கு அன்னைக்கு எந்தப் பெரிய வாசல் திறந்திருந்துச்சு, சொல்லு பாப்போம்” என்றேன். 1897இல் கமுதிக் கோயிலுக்குள் போன நாடார்கள் மேல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பானது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1939இல். அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முன்னால், 1880இல், பதநீர்க் கலயமும் பாளை அருவாளுமாக அலைந்தவர்கள் தலைநிமிர்ந்து பெரிய வாசல் வழியாக நடந்து, உயரமான கூரையின் கீழே உட்கார்ந்தார்கள். தன் குடிசைக்குள் குனிந்தே நுழைந்து பழகியவனுக்கு, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு கூரை, அது தன்னுடையது என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்குக் கணக்குப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் தொகை எழுதுவது? ஏழைக்குச் சோறு வேண்டும், சரி. ஏழைக்கு அழகு வேண்டாம் என்று யார் தீர்மானித்தது?

அவன் விடவில்லை. “அப்போ வடக்கன்குளம்?” என்றான். நல்ல இடத்தில் பிடித்தான்.

வடக்கன்குளம் எங்களுக்குப் பக்கத்து ஊர்தான். அங்கே கத்தோலிக்கர்களின் திருக்குடும்ப ஆலயம் 1872இல் எழுந்தது. பெரிய கோயில். ஆனால் அதை இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் முதலிய மற்றவர்கள், நடுவே சுவர். ஒரே பூசையை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் காணும்படியான கட்டடம். 1910இல் கௌசானல் அடிகளார் பிரிவினைச் சுவரை இடிக்க வைத்தார். சுவர் வேண்டும் என்று வழக்குப் போனது. உயர்நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்கவில்லை. ஆகவே, பெரிய கூரை இருந்தால் போதும், அதன் கீழே எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கல்லால் வாசலும் கட்டலாம், சுவரும் கட்டலாம். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அங்கே அத்தனை பேரும் ஒரே இடத்துக்கு வந்துதான் ஆக வேண்டும் என்று இருந்ததால்தான் சுவர் கண்ணை உறுத்தியது. ஆளுக்கொரு சிறு ஜெபவீடு இருந்திருந்தால் சுவரே தேவைப்பட்டிருக்காது. இடிக்கவும் எதுவும் இருந்திருக்காது. பிரிவினை சத்தமில்லாமல் சுகமாக நடந்திருக்கும்.

கால்டுவெல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பனையேறும் மக்களைப் பற்றி அவர் 1849இல் வெளியிட்ட சிறு நூலில் எங்கள் முன்னோரை இழிவாக எழுதினார். அந்தப் புண் வெகுகாலம் ஆறவில்லை. மிஷனரிகளின் போக்கு பொறுக்காமல் சட்டாம்பிள்ளை என்கிற அருமைநாயகம் 1857இல் நாசரேத்துப் பக்கம் தனிச் சபையே தொடங்கினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் இறந்து, இடையன்குடிக் கோயிலின் பீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடனும், அந்த நூலின் மேல் எனக்குள்ள கசப்பும் இரண்டும் உண்மை. கோயிலை அவருடையது என்று நான் நினைத்திருந்தால் அதற்காக இப்படி வாதாட வந்திருக்க மாட்டேன். அங்கே பிடி அரிசி எடுத்துவைத்துக் காணிக்கை கொடுத்த கிழவிகளை எனக்குத் தெரியும். அது அவர்களுடையது.

ஜெபக்குழுவைப் பற்றி அவன் சொன்னதில் ஒன்று மனதைத் தொட்டது. “அங்க ஒரு வாரம் வரலேன்னா போன் பண்ணிக் கேட்பாங்க மாமா. பெரிய கோயில்ல நான் செத்தாக்கூட அடுத்த வாரம்தான் தெரியும்.” உண்மை. பெரிய கோயில்களின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளிலேயே இதுதான் கனமானது. பணத்தைவிட, வெளிநாட்டு வடிவத்தைவிட.

ஆனாலும் அதன் மறுபக்கம் எனக்குத் தெரியும். அப்பா இறந்த பிறகு வந்த மாதங்களில் யாராவது என் பெயரைச் சொல்லி விசாரித்தாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அப்போது நான் பின்வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பாட்டில் சேராவிட்டாலும் பாட்டு என்மேல் விழும். பத்துப் பேர் கூடும் வீட்டில் ஒருவன் பேசாமல் இருந்தால் ஒன்பது பேருக்கும் தெரியும். அந்த வீட்டுக்குள் வருவதற்கே யாராவது அழைத்திருக்க வேண்டும். குடும்பத்தார் தள்ளிவைத்தவள், கடனில் மூழ்கியவன், விசுவாசம் தளர்ந்தவன், வெறுமனே வெயிலுக்கு ஒதுங்கிய வேற்று மதத்தான்: இவர்களை யார் அழைப்பார்கள்? சின்ன அறை ஆளைத் தேர்ந்தெடுக்கும். பெரிய கோயில் யாரையும் கேட்காது. எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கு ஆதாரம்.

இடிந்தகரையை நினைத்துப் பார்க்கலாம். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக 2011 செப்டம்பரில் 127 பேர் அங்கே உண்ணாவிரதம் இருந்தார்கள். எங்கே? லூர்து மாதா ஆலயத்துக்கு முன்னால் போட்ட பந்தலில். போராட்டத்தை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ஆனால் வலையைத் தவிர வேறு சொத்தில்லாத ஒரு கடற்கரை ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் மாதக்கணக்கில் கூட, சாதி மதம் பாராமல் வெளியூர்ப் பெண்களும் வந்து உட்கார, அந்தக் கோயில் முற்றத்தைப்போல் ஓர் இடம் வேறு எது இருந்தது? எங்கள் வட்டாரத்தின் மிகப் பெரிய கட்டடம் இன்று அந்த அணுமின் நிலையம். அதற்குள் நானோ என் அக்காவோ நினைத்தவுடன் காலெடுத்து வைக்க முடியாது.

காலியான கோயில்களைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு. நான் வாழும் கிளாஸ்கோ, கால்டுவெல் வளர்ந்து படித்த நகரம். அங்கே மேற்குப் பக்கத்தில் கெல்வின்சைடு ஆலயம் என்றிருந்தது இப்போது ‘ஓரான் மோர்’ என்ற பெயரில் மதுக்கடையும் உணவகமும் கலையரங்கமுமாக இருக்கிறது. கூரையில் அலஸ்டெய்ர் கிரே வரைந்த பெரிய ஓவியம். அழகான இடம்தான், சனங்கள் போகிறார்கள். ஆனால் உள்ளே உட்கார வேண்டுமானால் ஏதாவது வாங்க வேண்டும். முன்பு அதே சுவர்களுக்குள் ஒன்றும் வாங்காமல் உட்கார முடிந்தது. அந்த நகரத்தின் பழைய பேராலயத்தை 1579இல் இடிக்க முனைந்தபோது நகரத்துக் கைவினைஞர்கள் திரண்டு தடுத்ததாகச் சொல்வார்கள். பிரபுக்கள் அல்ல, உளியும் தறியும் பிடித்தவர்கள். அவர்களுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது.

எங்கள் ஊரும் காலியாகிறது. பனையேற ஆளில்லை, பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும். ஆனால் பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும் வரும்போது எங்கிருந்தெல்லாமோ வந்துவிடுகிறார்கள். ஒரே பந்தியில் சோறும் கறிக்குழம்பும். ஊருக்குள் அத்தனை பேரையும் கொள்ள அந்த வளாகத்தை விட்டால் வேறில்லை. பண்டிகைக் கூட்டத்துக்கு ஏற்றபடி கட்டியதை, சாதாரண ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை வைத்து அளப்பது சரியில்லை.

விமர்சகர்களுக்கு நான் முழுதாக விட்டுக்கொடுப்பது இரண்டு விஷயங்களை. எங்கள் பக்கத்துத் திருச்சபைகளில் நிர்வாகத் தேர்தல் என்றால் போஸ்டர், பணம், கோர்ட்டு, கேஸ். கட்டடமும் சொத்தும் பெரிதாகப் பெரிதாக அதைக் கையில் வைத்துக்கொள்ளும் ஆசையும் பெரிதாகிறது. இரண்டாவது, பூட்டு. பயணத்தில் பார்த்த பல ஊர்களில் பெரிய கோயில்கள் வார நாள்களில் பூட்டியிருந்தன. திருட்டுப் பயம் என்கிறார்கள். பயம் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் பூட்டிய பெரிய கோயிலைவிட என் மருமகன் போகும் அந்தத் திறந்த கூடம் எவ்வளவோ மேல். அங்கே நான் அவன் கட்சி.

விமானம் ஏறுவதற்கு முன் சென்னையில் அவனுடைய குழுவுக்குப் போனேன். கூப்பிட்டிருந்தான். செருப்புகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. என் பெயரைக் கேட்டார்கள், எனக்காக ஜெபித்தார்கள், காபி கொடுத்தார்கள். மனம் நிறைந்தது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது, “நூறு பேர் வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “ரெண்டு குழுவாப் பிரிவோம்” என்றான். “யாரு எதுலங்கிறத யாரு தீர்மானிப்பா?” அவன் யோசித்தான். “அது சிக்கல்தான். ஆனா நீங்களும் ஒண்ணு செய்யணும் மாமா. ஊர்ல ஞாயித்துக்கிழம கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கிறவன்கிட்ட, ஆராதனை முடிஞ்சதும் யாரையாவது போயி பேரக் கேக்கச் சொல்லுங்க. அவன் சொல்ல விரும்பலேன்னா விட்டுரலாம்.” அடுத்த பண்டிகைக்கு வரும்போது அந்த வேலையை நானே ஆரம்பிக்கிறேன் என்றேன். அவனும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான்.