ஓரியூர்ச் செம்மணல்

மதுரையிலிருந்து சிவகங்கை, காளையார்கோவில் வழியாகக் கிழக்கே செல்லும் சாலை திருவாடானையைக் கடந்து தொண்டிக் கடற்கரையை எட்டுகிறது. அந்தத் திருவாடானை வட்டத்தில், இராமநாதபுரம் மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிறது ஓரியூர். வழி நெடுகிலும் வானம் பார்த்த வயல்கள். நீர் வற்றிய கண்மாய்கள். தனித்து நிற்கும் பனைகள். எங்கும் படர்ந்த சீமைக் கருவேல். கண்ணுக்கு விருந்தாக எதுவும் இல்லை. ஆயினும் ஆண்டு முழுவதும், சிறப்பாகப் பெப்ருவரித் திங்களில், ஆயிரக்கணக்கான மக்கள் இந்த ஊரைத் தேடி வருகின்றனர். கத்தோலிக்கர் மட்டுமல்லர்; இந்துச் சகோதரர்களும் குடும்பம் குடும்பமாக வருகின்றனர்.

பாம்பாற்றின் அருகே திருத்தலம் எழுந்து நிற்கிறது. போர்த்துக்கல் நாட்டுக் கோவில்களை நினைவூட்டும் முகப்பு. அதனருகே செந்நிற மணல் மேடு. புனித அருளானந்தர் சிந்திய இரத்தத்தால் சிவந்த மண் இது என்பது மக்களின் நெடுநாள் நம்பிக்கை. முடியிறக்கிய தலையோடு நிற்கும் சிறுவர்களின் நெற்றியில் தாய்மார் அம்மணலைப் பூசுகின்றனர். சிலர் முந்தானையில் முடிந்து வீட்டிற்குக் கொண்டு செல்கின்றனர். நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், வழக்கு வெல்ல வேண்டும், மகனுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விண்ணப்பம்.

நாங்களும் அந்த மணலைக் கையில் அள்ளினோம். அப்போது எங்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுந்தது. தமக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத ஒருவரின் கல்லறைக்கு நிகரான இவ்விடத்தில், நாம் எல்லோரும் நமக்கென்றே கேட்டுக்கொண்டு நிற்கிறோமே! கேட்பது தவறன்று, கேட்குமாறு ஆண்டவரே கற்பித்தார். ஆனால் பெற்ற பின் என்ன செய்கிறோம்? ஓரியூரின் வரலாறு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே சுழல்கிறது.

வரம் கேட்ட தாய்

அருளானந்தரின் இயற்பெயர் ஜான் தெ பிரிட்டோ. 1647 மார்ச் 1ஆம் நாள் லிஸ்பன் மாநகரில் உயர்குடியில் பிறந்தார். பிரேசிலில் ஆளுநராகப் பணிபுரியச் சென்ற தந்தை அங்கேயே இறந்தார். கைம்பெண்ணான தாய் பெயாத்ரிசு அம்மையார் பிள்ளைகளை வளர்த்தார். கடைக்குட்டியான ஜான் அரண்மனையில் பணிச்சிறுவனாகச் சேர்ந்து, இளவரசர் பேதுருவின் உற்ற தோழனானான்.

இளமையிலேயே கொடிய நோய் ஒன்று சிறுவனைப் பற்றியது. மருத்துவர் கைவிட்ட நிலையில் தாய் புனித சவேரியாரிடம் மன்றாடினார். மகன் பிழைத்தால் ஓராண்டுக்கு இயேசு சபையாரின் அங்கியை அணிவிப்பதாக நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான். பட்டும் பொன்னும் மின்னும் அரண்மனையில் ஒரு சிறுவன் துறவியின் கறுப்பு அங்கியோடு நடமாடினான். ஓராண்டு முடிந்தது, அங்கி கழற்றப்பட்டது. நேர்த்திக்கடன் தீர்ந்தது என்று அன்னை எண்ணியிருப்பார். ஆனால் அங்கியின் ஆசை மகனின் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. 1662 டிசம்பர் 17ஆம் நாள், பதினைந்தாம் வயதில், அவர் இயேசு சபையில் சேர்ந்தார்.

பின்னர் இந்தியாவுக்குச் செல்ல அவர் அனுமதி பெற்றபோது தாயின் உள்ளம் கொதித்தெழுந்தது. தமக்கிருந்த செல்வாக்கு முழுவதையும் பயன்படுத்தித் தடுக்க முயன்றார். பாப்பிறையின் தூதுவரையே தலையிடச் செய்தார். எந்த மகனுக்காகச் சவேரியாரிடம் கையேந்தினாரோ, அந்த மகன் சவேரியாரின் வழியிலேயே புறப்பட்டபோது அவரால் விட்டுக்கொடுக்க இயலவில்லை. மகனோ உறுதி தளரவில்லை. உலகிலிருந்து துறவுக்கு அழைத்த இறைவனே போர்த்துக்கல்லிலிருந்து இந்தியாவுக்கும் அழைக்கிறார் என்பது அவருடைய விடை. 1673இல் கப்பலேறினார்.

அந்த அன்னையைக் குறைகூற நமக்கு வாயில்லை. தன்னலத்தின் முகங்கள் பல. பேராசை, பொறாமை, கஞ்சத்தனம் ஆகிய முகங்களை எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். ஆனால் அன்பின் முகத்தை அணிந்து வரும் தன்னலத்தை நாம் காண்பதில்லை. "எனக்காகவா கேட்கிறேன்? என் பிள்ளைக்காகத்தானே!" என்ற ஒரு சொல்லில் எத்தனை அநீதிகளை மறைத்துவிடுகிறோம்! பெண் வீட்டாரைக் கசக்கி வரதட்சணை பெறும்போதும், உடன்பிறந்தவன் வரப்பை ஒரு முழம் தள்ளிப் போடும்போதும், வேறொரு பிள்ளைக்கு உரிய இடத்தைக் கையூட்டால் பறிக்கும்போதும் நம் வாயில் வருவது அந்தச் சொல்லே. பிள்ளை என்ற பெயரில் நம்மையே நாம் நேசித்துக்கொள்கிறோம்.

இருமுறை துறந்தவர்

மதுரை மறைத்தளம் தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நொபிலி 1606இல் வந்து பண்படுத்திய நிலம். அங்கே வந்த ஜான், காவியுடுத்திப் பண்டாரசாமியானார். எல்லா நிலை மக்களோடும் பழகுவதற்குப் பண்டாரசாமிகளுக்கு வழி இருந்தது. தமிழ் கற்றார், அருளானந்தர் என்று பெயர் பெற்றார். இறைச்சியும் மதுவும் நீக்கி, சோறும் கறியுமாக எளிய உணவு உண்டார். வெயிலிலும் வெள்ளத்திலும் காடு மேடெல்லாம் நடந்தார். அரண்மனைத் தோழனுக்கு இந்த மாற்றம் எவ்வளவு பெரியது! உடையையும் உணவையும் மாத்திரமா மாற்றினார்? தம் நாடு, தம் மொழி, தம் பழக்கம் என்ற பற்றுகளையும் ஒவ்வொன்றாகக் களைந்தார்.

1686இல் மறவர் நாட்டில் வேதியர்களோடு அவர் பிடிபட்டார். கொடிய வதைகளுக்குப் பின் சேதுபதி மன்னர், இனி இந்நாட்டில் மறை போதிக்கலாகாது என்று கட்டளையிட்டு விடுவித்தார். அதன்பின் மறைத்தளத்தின் அலுவலாக மேலாளர்கள் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினர்.

இங்கேதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். இளமையில் துறப்பது எளிது என்று சொல்லவில்லை. ஆயினும் இளமைக்கு ஒரு வேகம் உண்டு, கனவு உண்டு. இப்போது அவர் நாற்பதைக் கடந்தவர். வதைபட்ட உடல். எதிரே தாய், பிறந்த ஊர், இளமைத் தோழர் பேதுருவோ இப்போது மன்னர். அரசிளங்குமரனுக்கு ஆசிரியராக இங்கேயே இருந்துவிடும் என்று மன்னர் வேண்டினார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பதவியும் அவரைத் தேடி வந்தது. யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். போதிய அளவு பாடுபட்டுவிட்டார், இனி ஓய்வெடுக்கட்டும் என்றே உலகம் சொல்லியிருக்கும்.

நல்லவர்களைத் தன்னலம் பிடிக்கும் இடம் இதுவே. முதலில் தாராளமாகக் கொடுத்தவன், "நான் செய்தது போதும், இனி மற்றவர்கள் செய்யட்டும்" என்று ஒரு நாள் கணக்கை மூடிவிடுகிறான். பங்கு மன்றத்தில், வின்சென்ட் தெ பால் சபையில், மரியாயின் சேனையில் பத்தாண்டுகள் உழைத்தவர்கள் இந்தச் சோதனையை அறிவார்கள். அருளானந்தர் அரசவையையும் பேராயர் பதவியையும் மறுத்து, 1690இல் மீண்டும் இந்தியா வந்தார். எந்த நாட்டில் கட்டி வைத்து அடித்தார்களோ, அந்த மறவர் நாட்டின் எல்லைக்கே திரும்பினார். தாயிடம் இரண்டாம் முறை விடைபெற்றார்; அதுவே கடைசி.

திருநீற்றுப் புதன்

மறவர் நாட்டுத் தலைவர்களுள் ஒருவரான தடியத்தேவர் நோயிலிருந்து குணமடைந்து, 1693 சனவரியில் மூவரசர் திருநாளன்று திருமுழுக்குப் பெற்றார். ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்ற கட்டளையை ஏற்று மற்ற மனைவியரை விலக்கினார். அவர்களுள் கடலாயி என்பவர் சேதுபதியின் உறவுப்பெண். அவர் அரண்மனையில் முறையிட்டார். அந்தப் பெண்ணின் கண்ணீரை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஒருவர் நல்வழி திரும்பும்போது அதன் சுமை மற்றவர் தோளிலும் விழுகிறது. எனினும் மன்னரின் சினம் முழுவதும் துறவியின் மீதே திரும்பியது.

சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் பிடிபட்டார். இராமநாதபுரத்தில் கொன்றால் கலகம் மூளக்கூடும் என்றஞ்சி, ஓரியூரிலிருந்த தம் உடன்பிறந்தாரிடம் மன்னர் அவரை அனுப்பினார். சிறையிலிருந்து தம் சபையாருக்கு அவர் கரிக்கட்டையால் மடல் எழுதினார். அதில் முறையீடு இல்லை; தம்மை விடுவிக்க வேண்டும் என்ற வேண்டுகோளும் இல்லை. தம் மரணத்தை ஆவலோடு எதிர்நோக்குவதையே எழுதினார்.

1693 பெப்ருவரி 4. அது திருநீற்றுப் புதன். மனிதன் மண்ணே, மண்ணுக்கே திரும்புவான் என்று திருச்சபை நினைவூட்டும் நாள். ஆற்றங்கரை மேட்டில் முழந்தாளிட்டு இறைவனை வேண்டியபின் அவர் தலை கொடுத்தார். உடலைக் கழுவில் ஏற்றினர். வயது நாற்பத்தாறு நிறைவதற்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

செய்தி கடல் கடந்து லிஸ்பனை அடைந்தது. மன்னர் பேதுரு நன்றி வழிபாடு ஒன்றை ஏற்பாடு செய்தார். அவ்வழிபாட்டிற்கு வேதசாட்சியின் தாயும் வந்தார். துக்க உடையில் அன்று, திருநாள் உடையில்! நேர்த்திக்கடனாக மகனுக்கு ஓராண்டு அங்கி அணிவித்த தாய், அவனைக் கப்பலேறவிடாமல் தடுத்த தாய், இன்று விழாக்கோலத்தில் நிற்கிறார். அருளானந்தரின் வெற்றி ஒரு நாளில், ஒரு வாள்வீச்சில் முடிந்தது. அந்த அன்னையின் வெற்றிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பிடித்தன. நோய்ப்படுக்கையில் பெற்ற வரத்தை அவர் கடைசியில் முழுவதுமாகத் திருப்பிக் கொடுத்தார்.

திருச்சபை 1853இல் அருளானந்தரை முத்திப்பேறு பெற்றவராகவும், 1947 சூன் 22ஆம் நாள், பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர் காலத்தில், புனிதராகவும் அறிவித்தது.

மரத்தடியில் ஓர் அசனம்

திருத்தல வளாகத்தைச் சுற்றி வந்தபோது மரத்தடிகளில் அடுப்புகள் புகைந்தன. நேர்ந்துவிட்ட ஆட்டை அறுத்துச் சமைத்து அசனம் இடுவது இங்குள்ள பழைய வழக்கம். ஒரு குடும்பத்தார் இலை போட்டுக்கொண்டிருந்தனர். அவர்களின் பிள்ளைகள் பசியோடு ஓரமாகக் காத்திருக்க, முதல் பந்தியில் அமர்ந்திருந்தவர்களோ இரவலர்களும் வழிப்போக்கர்களும். எங்களையும் அமரச் சொன்னார் அந்த வீட்டு மூதாட்டி. நாங்கள் தயங்கவே, "நேந்துக்கிட்ட கெடாவ நாங்களே தின்னுப்புட்டா அது நேத்திக்கடனாய்யா? நாலு பேரு எலையில விழணும். உக்காருங்க" என்றார்.

ஏட்டுப்படிப்பு இல்லாத அந்தத் தாய் சொன்னதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கத்திலும் நாங்கள் கேட்டதில்லை. மகனுக்காக நேர்ந்த ஆடு முன்பின் அறியாதவன் இலையில் விழுந்தால்தான் கடன் தீரும். வரம் வீட்டோடு நின்றுவிட்டால் அது பாதி வரமே. நிலத்தில் விழுந்து மடியாத கோதுமை மணி தனித்தே இருக்கும், மடிந்தால் மிகுந்த பலன் தரும் என்று நம் ஆண்டவர் கற்பித்ததன் பொருளும் இதுவே. தம் நலத்தை மட்டும் நாடாமல் பிறர் நலத்தையும் நாடுங்கள் என்று பிலிப்பி நகரத் திருச்சபைக்குப் புனித பவுல் எழுதினார். தம்மையே வெறுமையாக்கிய கிறிஸ்துவையே அதற்கு முன்மாதிரியாகக் காட்டினார்.

நம் எல்லோருக்கும் ஓரியூர் மேட்டில் தலை கொடுக்கும் அழைப்பு வருவதில்லை. ஆனால் நம் இல்லங்களுக்கு வேறு அழைப்புகள் வருகின்றன. பெயாத்ரிசு அம்மையாருக்கு வந்ததைப் போலவே, மகனோ மகளோ இறையழைத்தலைப் பற்றி வாய் திறக்கும்போது வரலாம். தனித்து வாழும் அத்தையை வீட்டில் வைத்துக் காக்கும் பொறுப்பாக வரலாம். பாகப் பிரிவினையில் நல்ல நிலத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் வேளையாக வரலாம். மகனுக்குப் பெண் பார்க்கும்போது, வரதட்சணை வேண்டாம் என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடும் துணிவாக வரலாம்.

அன்பு வாசகர்களே, ஓரியூருக்குச் செல்லுங்கள், குடும்பத்தோடு செல்லுங்கள். வேண்டியதைக் கேளுங்கள். செம்மணலை நெற்றியில் இடும்போது, கேட்டது கிடைத்தால் அதில் யாருக்குப் பங்கு என்பதையும் அங்கேயே முடிவு செய்யுங்கள். புனித அருளானந்தரே, பெற்றதைப் பகிரவும், அன்பாய் நேசிப்பவரை இறைவனுக்கு விட்டுக்கொடுக்கவும் எங்கள் குடும்பங்களுக்கு அருள் பெற்றுத் தாரும்.