குளிர் ஊரில் பிள்ளையின் மாதச் செலவு

எங்கள் திருவாலங்காட்டில் மார்கழிப் பனிக்கே காதை மூடிக்கொள்வோம். அக்கா மகன் படிக்கும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரிலோ டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது; வாளித் தண்ணீரை வெளியே வைத்தால் உறைந்துபோகும். அங்கே போய் வந்ததில் தெரிந்ததைத் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்.

விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணத்தைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே போட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. ஆனால் மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள்தான்!

ஆகவே அறை பார்க்கும்போது, 'வார்ம்மீட்டே'யா, 'கால்ட்மீட்டே'யா என்று பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். முன்னதில் அறையைச் சூடாக்கும் செலவும் சேர்ந்திருக்கும். பின்னதில் அது தனி. வாடகை குறைவு என்று நம்பினால் குளிர்காலத்தில் கையைக் கடிக்கும்.

கனமான கோட்டை அங்கேயே வாங்கட்டும். மதியம் 'மென்சா' என்ற மாணவர் உணவகத்தில் மலிவாகச் சாப்பிடலாம். ஞாயிறன்று கடைகள் மூடியிருப்பதால் அரிசி, பருப்பைச் சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும்.

இன்னொன்று: குளிருக்குப் பயந்து ஜன்னலை எப்போதும் அடைத்து வைக்கக் கூடாது. சோறு வடிக்கும் ஆவியும் ஈரத்துணியும் சேர்ந்து சுவரில் பூஞ்சை பிடித்துவிடும். காலையும் மாலையும் ஐந்து நிமிஷம் நன்றாகத் திறந்து வைத்தால் போதும்.

ஊறுகாய் பாட்டிலோடு இந்தக் கணக்கையும் சொல்லி அனுப்புங்கள்.