பொம்மசந்திராவில் ஒரு மாந்தோப்பு

பெங்களூரில் ஆர்.வி. ரோடு நிலையத்தில் மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஏறி அமர்ந்தால், பதினாறாவது நிலையம் பொம்மசந்திரா. அத்துடன் பாதை முடிந்துவிடுகிறது. 2025 ஆகஸ்டு 10 ஆம் நாள் திறக்கப்பெற்ற இவ்வழியின் நீளம் 19 கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு முன்னர் ஓசூர்ச் சாலையில் பேருந்தின் படியில் நின்றபடியே வந்து சேர்ந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நிலையத்தின் படிகளில் இறங்கினால் எங்கும் தொழிற்சாலைகள். ஒருபுறம் மருந்து செய்கிறார்கள். மறுபுறம் இரும்பைக் கடைந்து வண்டிக்கு உறுப்புகள் செய்கிறார்கள். இதய நோய்க்குப் பெயர்பெற்ற நாராயண ஹிருதயாலயா மருத்துவமனையும் இவ்வூர்ப் பகுதியிலேதான் உள்ளது. தெற்கே செல்லும் சாலை அத்திப்பள்ளியைக் கடந்து ஓசூரை அடைகிறது. அருகிலுள்ள ஹீலலிகே நிலையம் வழியாகச் செல்லும் இருப்புப்பாதையோ ஓசூர், தருமபுரி வழியே சேலத்திற்குப் போகிறது. என் சொந்த ஊர் பாலக்கோடு அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ரயில்வேயில் எழுத்தர் வேலை கிடைத்து இங்கு வந்தவன் நான். ஊரை விட்டு வந்தும் ஊருக்குச் செல்லும் தண்டவாளத்தை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு வகையில் ஆறுதல். ஒரு வகையில் வருத்தம்.

எங்கள் தெருவில் தருமபுரியாரும் கிருஷ்ணகிரியாரும் மிகுதி. ஒடிசாவினரும் பீகாரினரும் அண்டை வீட்டார். ஓர் அறை, ஒரு சமையற்கட்டு, மேலே தகரக் கூரை. பகற்பொழுதில் தந்தை ஆலையில் இருப்பார். தாயும் பெரும்பாலும் வேலையில் இருப்பாள். பள்ளி நடக்கும் மாதங்களில் குழந்தைகளைப் பற்றிக் கவலை இல்லை. ஏப்ரல் பிறந்துவிட்டால் கவலையும் பிறந்துவிடும். பூட்டிய அறைக்குள் கைப்பேசியுடன் இருத்துவதா, லாரிகள் ஓடும் தெருவில் விடுவதா? வசதி உள்ளவர்கள் கோடை முகாமுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு அவர்கள் செலுத்தும் கட்டணம் எங்களில் பலருக்கு ஒரு மாத வீட்டு வாடகை.

இந்தக் கவலைக்குப் பத்து ஆண்டுகளாக மருந்தாய் இருந்தது ஒரு மாந்தோப்பு. பணியிலிருந்து ஓய்வு பெற்ற கன்னட ஆசிரியர் ஒருவருக்கு உரியது அது. அவரை யாவரும் 'மேஷ்ட்ரு' என்றே அழைப்போம். ஆண்டுதோறும் ஏப்ரலிலும் மேயிலும் ஆறு வாரம் அங்கே முகாம் நடத்துவார். காலை எட்டு மணிக்குக் குழந்தைகள் கூடுவார்கள். கயிறு முடிச்சுகள், கிணற்றங்கரையில் பாத்திகட்டுதல், கன்னடத்திலும் தமிழிலும் இந்தியிலும் கதை, நண்பகலில் மோரும் சோறும். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், "ஒரு படி அரிசி கொடுங்கள், போதும்" என்பார். என் மகள் கன்னடம் எழுதக் கற்றது பள்ளியில் அன்று. அந்தத் தோப்பின் மணலில்தான்.

சென்ற கோடையின் இறுதி நாளில் அவர் பெற்றோர்களை மரத்தடிக்கு அழைத்தார். "எனக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். எனக்குப் பின் இது கிடங்காகிவிடும். பக்கத்துத் தோப்பு ஆனதைப் பார்த்தீர்கள். கிணறும் கொட்டகையும் அடங்கிய இருபது குண்டேயை மட்டும் சந்தை விலையிற் பாதிக்குத் தருகிறேன். ஒரு நிபந்தனை: எந்தத் தனி ஆளுக்கும் எழுதிக் கொடுக்க மாட்டேன். உங்களுக்குள் ஒரு பொது அமைப்பை ஏற்படுத்துங்கள். அடுத்த உகாதிவரை காத்திருப்பேன்" என்றார். நாற்பது குண்டே ஓர் ஏக்கர் என்பதை அன்பர்கள் அறிவார்கள். அரை ஏக்கரின் பாதி விலையே கோடியைத் தொட்டது.

கூட்டத்தில் ஓர் அன்பர் எழுந்தார். தருமபுரிக்காரர்; கடைசல் வேலை செய்பவர். "அண்ணே, நாம் வாடகை வீட்டுக்காரர்கள். நாளைக்கு ஆலை மூடினால் மூட்டை கட்டுவோம். ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்க முடியாதவனுக்கு இங்கே தோப்பு எதற்கு?" என்றார். ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், என் உள்ளத்தில் இருந்ததையே அவர் சொல்லிவிட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சிறுவனாய் ரயில்வே சாரணர் படையில் இருந்தபோது எங்கள் படைத்தலைவர் சொன்ன செய்தியொன்று நினைவுக்கு வந்தது.

சுவிட்சர்லாந்தில் கான்டர்ஸ்டெக் என்று ஒரு மலையூர் உள்ளது. 1906 முதல் 1913 வரை அவ்விடத்தில் லோச்பெர்க் என்னும் ரயில் சுரங்கத்தைக் குடைந்தார்கள். நீளம் ஏறத்தாழ 14.6 கிலோமீட்டர். குடைந்தவர்களுள் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். 1908 ஜூலை 24 அன்று மேலிருந்த ஆற்றுப் படுகை உடைந்து நீரும் மணலும் சுரங்கத்திற்குள் பாய்ந்து இருபத்தைந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். வேலை முடிந்ததும் எஞ்சியவர்கள் போய்விட்டார்கள். சுரங்க வேலைக்காக எழுந்த மரவீடு ஒன்று வெறுமையாய் நின்றது. 1923 இல் சாரணர்கள் நன்கொடை திரட்டி அதனை வாங்கினார்கள். இன்று உலகெங்குமிருந்து சிறுவர்கள் வந்து தங்கும் சாரணர் மையம் அதுவே. பிழைக்க வந்தவர்களின் வேலைக்காக நின்ற வீடு நூறாண்டாகக் குழந்தைகளுக்கு வீடாக இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. புனேயில் உள்ள 'சங்கம்' என்னும் உலகச் சாரணியர் மையம், பல நாட்டுச் சாரணியர் சேர்த்த நிதியால் எழுந்தது. 1966 அக்டோபர் 16 அன்று பேடன் பவல் பிரபுவின் துணைவியார் ஓலேவ் அம்மையார் அதனைத் திறந்து வைத்தார். ஒரு சீமான் கட்டிக் கொடுத்திருந்தால் அவருடைய பெயர் இருக்கும். பலர் சேர்ந்ததனால் சங்கம் என்றே பெயர் இருக்கிறது.

அமெரிக்காவில் தனிக் குடும்பங்கள் நடத்திவந்த கோடை முகாம்கள் சில, இலாப நோக்கற்ற அறக்கட்டளைகளுக்கு மாறியுள்ளன. வெர்மாண்ட் மாநிலத்தில் 1905 இல் கியூலிக் குடும்பத்தார் தொடங்கிய அலோகா முகாம் அவற்றுள் ஒன்று. 1968 முதல் அஃது அறக்கட்டளையின் பொறுப்பில் நடந்துவருகிறது. நிறுவியவர்கள் மறைந்தாலும் முகாம் மறையாமல் இருப்பதற்கு இந்த மாற்றமே காரணம்.

சீமைக் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு மலேசியக் கதை உண்டு. ஆங்கிலேய முதலாளிகள் ரப்பர்த் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, தமிழ்த் தொழிலாளர் வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழக்கும் நிலை வந்தது. அப்பொழுது வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்குமாறு வேண்டினார். 1960 இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடா மாநிலத்தில் புக்கிட் சிடிம் தோட்டம் அச்சங்கத்திற்குச் சொந்தமாயிற்று. அங்கே பணம் போட்டவர்களும் மூட்டை கட்டும் நிலையில் இருந்தவர்களே!

மறுவாரம் நானே கூட்டத்தில் பேசினேன். முதலில் கணக்கைச் சொன்னேன். எங்கள் முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்கள் 140. மாதம் 200 ரூபாய் வீதம் ஓராண்டுக்கு 3,36,000 ரூபாய். கோடிக்கு முன்னே இது கடுகு. "பின் ஏன் சேர்க்க வேண்டும்?" என்றார் கடைசல்காரர்.

அதற்கு விடை எங்கள் ஊரருகிலேயே உள்ளது. ஆனேக்கல் வட்டத்துக் கியாலசனஹள்ளி ஏரி 36 ஏக்கர் பரப்புள்ளது. வறண்டு குப்பைமேடாய்க் கிடந்தது. பொம்மசந்திராவிலுள்ள சன்சேரா நிறுவனத்தில் பணிபுரிந்த பொறியாளர் ஆனந்த் மல்லிகவாட், அந்நிறுவனத்தின் அறநிதியைப் பெற்று, 2017 இல் ஊராரையும் சேர்த்துக்கொண்டு அதனை மீட்டார். 2013 ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொது நற்பணிக்குச் செலவிட வேண்டும். எங்களைச் சூழ்ந்து நிற்பவை எல்லாம் நிறுவனங்கள்தாமே! ஆனால் அவற்றின் வாயிலில் வெறுங்கையுடன் நிற்க முடியாது. "உங்கள் அமைப்பு பதிவானதா? கணக்கு எங்கே? நீங்கள் எவ்வளவு போட்டீர்கள்?" என்று கேட்பார்கள். அந்த மூன்றாவது கேள்விக்கு விடைதான் எங்கள் 200 ரூபாய். மேலும், தன் காசு விழுந்த கிணற்றைத் தூர விடுபவர் எவர்?

பெயரைப் பற்றி ஒரு வாதம் எழுந்தது. தமிழ்ப் பெயர் வேண்டும் என்றனர் சிலர். மேஷ்ட்ரு கன்னடர், பிள்ளைகளுள் ஒடியாக் குழந்தைகளும் உண்டு. எல்லாருடைய பணமும் வேண்டும், பெயர் மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்றால் அஃது அறமாகுமா? இறுதியில் 'மாந்தோப்பு' என்று பொருள்படும் கன்னடச் சொல்லையே வைப்பதென்று முடிவாயிற்று. நிருவாகக் குழுவிலும் எல்லா மொழியினருக்கும் இடம் உண்டு.

அமைப்பின் விதிகளை எழுதும்போது வழக்கறிஞர் ஒருவர் மூன்று செய்திகளை வற்புறுத்தினார். பத்திரம் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். தலைவர் பெயரில் கூடாது. ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கையாளர் பார்த்து, எல்லார் முன்னிலையிலும் படிக்க வேண்டும். அமைப்பு கலைந்தால் சொத்தை உறுப்பினர் பங்கிடாமல், அதே நோக்கமுள்ள வேறோர் அமைப்பிற்குக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவது நெறி 1860 ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்திலேயே உள்ளதாம். கூட்டுறவுச் சங்கத்திற்கும் இதற்கும் வேறுபாடு இங்கேதான். அங்கே பங்குக்கு இலாபம் உண்டு; இங்கே கொடுத்தவருக்குத் திரும்புவது ஒன்றும் இல்லை. அதனால்தான் தோப்பை எவரும் விற்றுத் தின்ன முடியாது.

இப்பொழுது ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கிறது. நான்கு மாதத்தில் சேர்ந்தது 97,400 ரூபாய். அரைக்கட்டணமாக நூறு கொடுப்பவர்கள் உண்டு. ஒரு மாதம் தவறி மறுமாதம் கொடுப்பவர்கள் உண்டு. இரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் போயிருக்கிறது, விடை வரவில்லை. உகாதிக்குள் வருமா என்பது எவருக்கும் தெரியாது. வாராவிடில் சேர்ந்த பணத்தை ரசீதுப்படி திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறோம். மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது தோப்பு வழியாகவே நடக்கிறேன். பக்கத்துக் கிடங்கின் விளக்கு வெளிச்சம் மாமரத்தின் பாதிக் கிளைகளில் விழுகிறது.

சென்ற ஞாயிறு கடைசல்காரர் என் வீட்டிற்கு வந்தார். நான்கு மாதத்திற்கும் சேர்த்து 800 ரூபாயை மேசைமேல் வைத்தார். "அண்ணே, நான் என்றைக்கும் ஊருக்குத்தான் திரும்புவேன். அதில் மாற்றம் இல்லை" என்றார். பிறகு சற்று நேரம் பேசாதிருந்து, "ரசீதில் என் பெயர் வேண்டாம், பையன் பெயரை எழுதுங்கள்" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

அன்பர்களே, உங்கள் குடியிருப்பிலும் குழந்தைகள் கூடும் திடலோ, மரத்தடியோ, பழைய கொட்டகையோ ஒன்று இருக்கும். அது நல்லவர் ஒருவரின் கருணையால் நடந்துவருவதாக இருக்கலாம். அவர் நலமாய் இருக்கும்போதே சென்று, அவருக்குப் பின் அஃது யாருக்கு என்று பணிவுடன் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும். எங்கள் மேஷ்ட்ரு தாமே முன்வந்து சொன்னார். எல்லாரும் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.