காகிதக் கம்ப்யூட்டர்

1990-களின் நடுவில், கலிஃபோர்னியாவில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்ற எஞ்சினியர் சட்டைப் பையில் ஒரு மரக்கட்டையுடன் நடமாடினார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுப்பார். சாப்பிடும் குச்சியைச் சீவிச் செய்த பேனாவால் அதன்மேல் தட்டுவார். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! 1996-ல் அவருடைய ‘பாம் பைலட்’ கையடக்கக் கம்ப்யூட்டர் வந்தபோது அது சட்டைப் பையில் கச்சிதமாக உட்கார்ந்தது.

ஐ.பி.எம். ஆராய்ச்சியாளர்கள் இன்னும் தந்திரசாலிகள். பேசினால் டைப் அடிக்கும் கம்ப்யூட்டரை மக்கள் விரும்புவார்களா என்று அறிய வேண்டும். கம்ப்யூட்டரோ கைவசம் இல்லை. எனவே வேறோர் அறையில் ஒரு டைப்பிஸ்டை உட்கார வைத்தார்கள். இங்கே ஒருவர் பேசப் பேச, அங்கே டைப்பிஸ்ட் அடித்தது இவர் திரையில் எழுத்தாக வந்தது. அந்த ஆய்வு 1983-ல் வெளியானது.

புரோகிராம் எழுதும் முன் பொய்யாக ஒன்றைச் செய்து பழகிப் பார்ப்பது எங்கள் தொழிலில் சகஜம். வீண் செலவு மிச்சம் என்பார்கள். அது இருக்கட்டும். நம் ஊரில் மாதிரிக்கு இன்னொரு வேலை உண்டு: வாயைத் திறக்க வைப்பது.

1998-ல் புனேயில் வேலை பார்த்தபோது, நாக்பூரில் ஒரு கூட்டுறவு வங்கிக்கு கவுண்டர் சாஃப்ட்வேர் தயாரித்துக்கொண்டிருந்தோம். கலர் கலராகத் திரைகளைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார் எங்கள் மேலாளர். பக்கத்தில் வங்கியின் கிளை மேனேஜர். ஊழியர்கள் அத்தனை பேரும் “பஹுத் அச்சா” என்றார்கள். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. முடிந்துபோன பொருள், வாங்கியாகிவிட்டது, இனி சொல்லி என்ன என்ற முகங்கள்.

மறுநாள் மேனேஜர் இல்லாத நேரத்தில், அதே திரைகளைப் பென்சிலால் வெள்ளைத் தாளில் வரைந்து எடுத்துப்போனேன். பணம் வாங்கும் கவுண்டரில் ஓய்வு பெறும் வயதில் ஓர் அம்மாள். அவர் விரலால் தொடுவார். நான்தான் கம்ப்யூட்டர், அடுத்த தாளை எடுத்து வைப்பேன்.

முதல் தாளிலேயே நின்றுவிட்டார். “கணக்கு எண்ணை ஏன் முதலில் கேட்கிறது, பேட்டா? வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போதே நான் நோட்டை எண்ணியாக வேண்டும். நூறு எத்தனை, ஐம்பது எத்தனை. அப்புறம்தான் கணக்கு எண்.” அடுத்த தாளில், “கிழிந்த நோட்டு ஒன்று வந்தால் திருப்பிக் கொடுப்பேன். தொகை மாறிவிடும். எப்படிப் பின்னால் போவது?” வழி இல்லை. என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கி அவரே ஒரு கட்டம் போட்டார். பிறகு தாளின்மேல் உள்ளங்கையை விரித்து மூடினார். “கரண்ட் போய்விட்டது. பணம் என் கையில். இப்போது என்ன?”

இருபத்தேழு வருடமாகப் பணத்தை எண்ணியவர். கணக்கு உதைத்தால் அவர் கையிலிருந்துதான் போகும். எங்கள் கலர் திரையின் முன் வாய் திறக்காத அதே அம்மாள்தான். அரைகுறைப் படம் என்பதால், அதை அழிக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. திரைகளின் வரிசை மாறியது. பாதியில் நின்ற பதிவைத் தனியே காட்டும் திரை ஒன்று சேர்ந்தது. எங்கள் மேலாளருக்கு இரண்டு வார வேலை கூடியதில் வருத்தம்தான்.

இன்றைய சௌகரியமே எனக்குக் கவலை தருகிறது. 2016-ல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த ஃபிக்மாவில் ஒரே நாளில் பளபளப்பான திரைகளைச் செய்து, தொட்டால் நகரும்படியும் காட்டலாம். செயற்கை நுண்ணறிவுக்கு அந்த ஒரு நாளும் வேண்டாம். கேட்பதற்குள் முடிந்த பொருள்போல ஒன்று வந்து நிற்கிறது. எதிரே மறுபடியும் “பஹுத் அச்சா” முகங்கள். இளைஞர்களிடம், முதல் சந்திப்புக்குக் கறுப்பு வெள்ளையில், கோணல் எழுத்தில் கொண்டுபோகச் சொல்கிறேன். தாளை மேஜையில் வைத்ததும் பென்சிலை அதன்மேல் போட வேண்டும், கூர் முனை அவர்கள் பக்கம் இல்லாமல். எடுப்பதற்குச் சுலபம்.