ஐம்பது பெனிக் பெண்

ஜேர்மனிக்கு வந்த புதிதில், சில்லறையை எண்ணி எண்ணிச் செலவழித்த காலத்தில், ஐம்பது பெனிக் நாணயத்தை நான் அடிக்கடி திருப்பிப் பார்ப்பதுண்டு. அதில் ஒரு பெண் முழந்தாளிட்டு ஓக் கன்று நடுகிறாள். 1949இல் முதலில் வார்க்கப்பட்ட நாணயம். றிச்சார்ட் மார்ட்டின் வேர்னர் என்ற சிற்பி தன் மனைவியையே மாதிரியாக வைத்துச் செதுக்கினார். 2002இல் யூரோ வந்ததும் அவளும் கடைகளிலிருந்து போய்விட்டாள்.

அவள் கற்பனைப் பெண்ணல்ல. யுத்தம் முடிந்த காலத்தில் இந்நாட்டுக் காடுகளில் ஒரு பகுதி மொட்டையாகியிருந்தது. குளிருக்கு எரிக்கச் சனம் வெட்டியது, வென்ற நாடுகள் நட்டஈடாக வெட்டின. 1947இல் ஜேர்மன் காடுகளைக் காக்கவென்று ஒரு சங்கமே உருவானது. கூலிக்குப் போய்க் கன்று நட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். நாணயத்தில் ஓக், மலையிலோ அநேகமாக ஃபிக்டே என்கிற ஊசியிலை மரம். கெதியாக வளரும், மொட்டை வெளியின் குளிரையும் தாங்கும். பூகெ மரம் அப்படியல்ல. இந்த மண்ணுக்கு மிக உரியது அதுதான், ஆனால் குருத்துக்கு நிழல் வேண்டும். வீடு கட்டப் பலகை தேடிய நாட்டில் யார் காத்திருப்பார்கள்? அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2018இல் தொடங்கிய வரட்சியில் ஃபிக்டே மரங்கள் தாகத்தால் தளர, பட்டை துளைக்கும் வண்டு மிச்சத்தை முடித்தது. 2021 வரைக்குமே சுமார் 5 இலட்சம் ஹெக்டேயர் காடு போனது. ஹார்ஸ் மலையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறக் கம்பங்கள்.

பேர்க்வால்ட்புரொயெக்ற் என்று ஓர் அமைப்பு. 1987இல் சுவிஸில் தொடங்கி இங்கும் வந்தது. ஒரு வாரம் காட்டில் வேலை, கூலி இல்லை, சாப்பாடும் படுக்கையும் உண்டு. ஓர் இலையுதிர்காலத்தில் போனேன். கையில் தந்த மண்வெட்டிக்குக் கொண்டலாத்திக் குருவியின் பெயர். ஒருபக்கம் அலகுபோல நீண்டிருக்கும். வேர் மடங்கக்கூடாது என்பதற்காக ஒரு குழியை மூன்று தரம் தோண்ட வைத்தார்கள். பட்ட ஃபிக்டே மரங்களைத் தறிக்காமல் அவற்றின் அரை நிழலில்தான் பூகெக் கன்றுகளை வைத்தோம். என்னோடு நட்ட மூதாட்டியின் தாய் 1948இல் இதே மலைச்சாரலில் கன்று நட்டவராம். பட்ட மரமொன்றைத் தட்டி, "இது அம்மாவுடையதாகவும் இருக்கலாம்" என்றார். அழவில்லை. அடுத்த குழிக்கு நகர்ந்தார்.

(மனிதரைவிடக் கெட்டிக்காரத் தோட்டக்காரன் ஒருவனும் உண்டு. ஐகெல்ஹேயர் என்ற பறவை குளிர்காலத்துக்கென ஆயிரக்கணக்கில் ஓக் விதைகளைப் புதைத்துவிட்டு, எடுக்காமல் விட்டவற்றைக் காடாக்கிவிடும். வனக்காரர் தட்டுகளில் விதை பரப்பி அதற்கு வேலை கொடுக்கிறார்கள்.)

எங்கள் காணியில் நின்ற பனைகள் பதுங்குகுழிகளுக்குப் போயின. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இரு தரப்பும் தறித்தன, கணக்கு யாரிடமும் இல்லை. காணி திரும்பிவந்தபோது நாயுருவியும் கல்லும்தான். விற்றுவிடலாம், பிள்ளைகள் யார் போகப்போகிறார்கள் என்று அண்ணா கனடாவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பேசத்தான் ஹார்ஸிலிருந்து வந்த கிழமை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"வேலியோரம் அறுபது பனங்கொட்டை தாட்டிருக்கிறன், தம்பி. கிழங்கெண்டு ஒருத்தரையும் கிண்ட விடமாட்டன்" என்றா.

வடலி ஆணா பெண்ணா என்று தெரியவே பதினைந்து வருடமாகும். அக்காவுக்கு இப்போது எழுபத்திரண்டு. விற்பனைக் கதையை நான் எடுக்கவில்லை. மழை பெய்ததா என்று கேட்டேன்.