புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்திரேலிய மருமகளைத் தேடி...

எங்க ஆம்பூர்ல புது மருமகள் வந்தா, தெருவே கேட்கும்: "எந்த ஊர் பொண்ணு?" தோல் தொழிற்சாலை முதலாளி வீடுன்னா கேள்வி இன்னும் சத்தமா வரும். அந்தக் கேள்வியோடுதான் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினேன்.

1915 ஆகஸ்ட், மெல்போர்னில் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். பெண், மோலி ஃபிங்க். பிரிட்டிஷ் அரசு கடைசிவரை மோலியை ராணியாக ஏற்கவில்லை. கர்ப்பமாக இருந்தபோது அவருக்கு அரளி விஷம் வைக்க முயற்சி நடந்ததாகச் சொல்கிறார்கள். பயம் வராதா? 1916-ல் இருவரும் ஆஸ்திரேலியாவுக்கே கிளம்பிவிட்டார்கள். சிட்னியில் மகன் பிறந்தான். மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயர் மட்டும் பெரிதாக வைத்தார்கள்; அரியணை கிடைக்கவில்லை.

பிறகு பிரான்ஸின் கான் நகரம். பணக்காரர்கள் ஓய்வெடுக்கும் கடற்கரை. சொந்த ஊரில் இடமில்லாத மருமகளுக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. 1928-ல் பாரிஸில் மன்னர் இறந்தார். உடலை ஊருக்குக் கொண்டுவர பிரிட்டிஷார் விடவில்லை, லண்டனில்தான் தகனம். அரியணை, ஆறு வயது ராஜகோபால தொண்டைமானுக்குப் போனது.

மோலியின் வீடு என்று நினைத்து கலெக்டர் அலுவலகம் இருக்கும் அரண்மனை முன்னால் செல்ஃபி எடுத்தேன். அது ராஜகோபாலர் காலத்துக் கட்டடமாம்! மோலி அதில் வாழ்ந்ததே இல்லை.

வாசலில் மனுவோடு நின்ற பாட்டி என்னிடம் கேட்டார், "எந்த ஊரு கண்ணு?"

மோலி 1967-ல் கானிலேயே காலமானார்.